'ரன்' என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

கேள்வி கேட்டவர் நான்கு ஆங்கில வாக்கியங்களைத் தந்திருக்கிறார்: 'ஹர் நோஸ் இஸ் ரன்னிங்', 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்', 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்', 'தேர் வாஸ் எ ரன் ஆன் த பேங்க்'. 'ரன்' என்றால் ஓடு என்றுதான் சிறு வயதில் படித்தேன். இந்த நான்கில் ஒன்றில்கூட யாரும் ஓடவில்லை. அகராதியைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் போகிறது. இதையெல்லாம் எப்படி மனத்தில் நிறுத்துவது என்று கேட்கிறார்.

அகராதி பக்கம் பக்கமாகப் போவது உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. அதற்கு 430-க்கும் மேற்பட்ட பொருள்கள். பிறகு மூன்றாம் பதிப்புக்காக ஒவ்வொரு சொல்லாகத் திருத்தி எழுதியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அந்த ஒரு பதிவை முடிக்கத் தொகுப்பாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

இந்த 645-ஐயும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் செய்வதில்லை. அவர்கள் மனத்தில் ஒரே ஒரு படம் இருக்கிறது, மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கிறது. அந்தப் படத்தில் ஓடும் கால்களைத் தேடாதீர்கள். ஏதோ ஒன்று தடையில்லாமல், இடையில் நிற்காமல், ஒரு போக்கில் போய்க்கொண்டிருக்கிறது; அவ்வளவுதான் படம்.

சொல்லின் பிறப்பும் இதற்குச் சாட்சி. பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்று ஒரு வினை இருந்தது. அதன் உடன்பிறப்புகள் இரண்டு இன்றும் ஜெர்மன் மொழியில் இருக்கின்றன: 'ரென்னென்' என்றால் ஓடு, 'ரின்னென்' என்றால் ஒழுகு. ஜெர்மன் இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ஆகவே மூக்கு 'ரன்' ஆவது பின்னாளில் யாரோ ஒட்டவைத்த உவமை அல்ல. நீர் ஒழுகுவதும் கால் ஓடுவதும் தொடக்கத்திலிருந்தே அந்தச் சொல்லுக்குள் பக்கத்துப் பக்கத்து வீடு.

தமிழருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. நம்முடைய 'ஓடு' என்ற சொல்லும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. ஆறு ஓடுகிறது, ரயில் ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, மனத்தில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் எதற்கும் கால் கிடையாது. அத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' போடலாம். 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்று நாம் சொல்லும்போது ஓடுவது கப்பல்; ஆங்கிலக் கடலோடிகளும் கப்பல் காற்றின் போக்கில் போவதை 'ரன்' என்றே சொன்னார்கள். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. மின்சாரம் கம்பியில் செல்வதை மின்னோட்டம் என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'கரன்ட்'. அந்தச் சொல்லும் 'ஓடு' என்று பொருள்படும் 'குர்ரெரே' என்ற லத்தீன் வினையிலிருந்தே வந்தது. கணினித் திரையில் துடிக்கும் 'கர்சர்' லத்தீனில் ஓடுகிறவன். 'கோர்ஸ்', 'கூரியர்', 'கரிக்குலம்' எல்லாம் அதே குடும்பம்தான்.

எனவே சிக்கல் முழுச் சொல்லிலும் இல்லை. தமிழ் 'ஓடு' நின்றுவிட்டு வேறு வினை வரும் இடங்களில்தான் இருக்கிறது. அந்த இடங்களில் தமிழ் ஒழுகு, நடத்து, நில், அடி, தீர் என்று ஆளை மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலம் 'ரன்' என்ற ஒரே ஆளை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. கேட்டவரின் நான்கு வாக்கியங்களும் அப்படிப்பட்ட இடங்கள்தான்.

முதலில் மூக்கு. தமிழில் ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், குழாயில் தண்ணீர் கொட்டும், துணியில் சாயம் போகும். ஆங்கிலத்தில் நான்குக்கும் 'ரன்'. சிவப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் சேர்த்துத் துவைத்தால் 'த கலர்ஸ் வில் ரன்' என்று எச்சரிப்பார்கள். குழாயைத் திறந்தே விட்டுவிட்டால் அது 'ரன்னிங்'. குளியல் தொட்டியில் நீர் நிரப்புவது 'ரன் எ பாத்'. பேச்சு வழக்கில் 'த ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு. இலங்கைத் தமிழில் இதற்கு வயிற்றோட்டம் என்றே பெயர். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே படத்தைப் பிடித்திருக்கின்றன.

நகராத பொருள்களும் 'ரன்' ஆகும். சாலை மலையடிவாரத்தை ஒட்டிப் போகிறது, வேலி தோட்டத்தைச் சுற்றி வருகிறது, சுவரில் குறுக்கே ஒரு விரிசல் ஓடுகிறது. நகர்வது நம் பார்வை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கண் போகும் வழியெல்லாம் 'ரன்'. தமிழில் இதை விளக்க வேண்டியதே இல்லை, 'ரோடு எங்கே போகுது?' என்று நாமே கேட்கிறோம். தலைமுறைகளின் ஊடாகத் தொடர்வதும் இந்த வகைதான். 'இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்றால் அந்தக் குணமோ நோயோ பரம்பரையாக வருகிறது. நாம் 'ரத்தத்திலேயே ஊறியது' என்போம்.

காலத்தில் நீள்வதும் அப்படியே. ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு 'ரன்' ஆகிறது என்றால் அதுவரை செல்லும். அறிக்கை 300 பக்கத்துக்கு 'ரன்' ஆகிறது என்றால் அவ்வளவு நீளம். 'ஃபைவ் டேஸ் ரன்னிங்' என்று எண்ணுக்குப் பின்னால் வந்தால் தொடர்ந்து ஐந்து நாள். 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்று செய்தி வந்தால் அனுப்பியவர் வண்டியில் உட்கார்ந்துகூட இருக்கலாம். அவருடைய நேரக் கணக்கு பின்தங்கிவிட்டது என்பதே செய்தி. இங்கே ஓர் எச்சரிக்கை. 'எனக்கு நாற்பது நடக்குது' என்பதை நம்மில் பலர் 'ஐ ஆம் ரன்னிங் ஃபார்ட்டி' என்று சொல்கிறோம். இந்திய ஆங்கிலத்தைத் தாண்டினால் இது புரியாது. வயதுக்கு 'ரன்' போடுவதில்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம், பள்ளி. இதில்தான் சொல்லின் முழு வலிமையும் தெரிகிறது, கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

தமிழில் 'ஓடு' தன்வினை, 'ஓட்டு' பிறவினை. வண்டி ஓடுகிறது, நான் வண்டியை ஓட்டுகிறேன். ஒரு மெய்யெழுத்து இரட்டித்தாலே 'ஓடும்படி செய்' என்று பொருள் மாறிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. 'த மெஷின் ரன்ஸ்', 'ஷி ரன்ஸ் த மெஷின்' இரண்டிலும் சொல் ஒன்றே. பின்னால் ஒரு செயப்படுபொருள் வந்து நிற்கிறதா என்பதை வைத்துத்தான் ஓடுவதா, ஓட்டுவதா என்று கண்டுகொள்ள வேண்டும். 'ஷி ரன்ஸ்' என்று முடிந்தால் அவள் ஓடுகிறாள். 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் பள்ளி நிற்காமல் போய்க்கொண்டிருக்க அவள் காரணமாக இருக்கிறாள், அதாவது பள்ளியை நடத்துகிறாள். கடை, கட்சி, வீடு, நாடு, எதை 'ரன்' செய்தாலும் இதே கணக்குதான். உரிமையாளரா என்பது வேறு கேள்வி. முதலாளி வெளிநாட்டில் இருக்கலாம். தினம் வந்து பொறுப்பெடுத்துச் செய்கிறவர் எவரோ அவர்தான் அதை 'ரன்' செய்கிறார்.

தமிழிலும் 'ஓட்டு' இந்தப் பொருளின் வாசல்வரை வந்திருக்கிறது. வ.உ.சி.யைக் கப்பலோட்டிய தமிழன் என்கிறோம். அவர் சுக்கான் பிடித்தவர் அல்லர். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர். அந்தப் பட்டத்தில் 'ஓட்டிய' என்ற சொல் செய்யும் வேலையும் 'ரன் எ ஸ்கூல்' என்பதில் 'ரன்' செய்யும் வேலையும் ஒன்று. 'எப்படியோ குடும்பத்தை ஓட்டிட்டு இருக்கேன்' என்பதிலும் அதே சொல், கொஞ்சம் களைப்போடு.

ஆனால் ஓட்டுவதெல்லாம் 'ரன்' என்று நினைத்துவிடக் கூடாது. என்னிடம் ஆங்கிலம் கற்க வந்த பலர் 'ஐ ரன் மை பைக்' என்று எழுதியிருக்கிறார்கள். பைக்கை, மிதிவண்டியை, குதிரையை ஓட்டுவது 'ரைட்'. கார், பேருந்து, லாரி என்றால் 'டிரைவ்'. விமானத்துக்கு 'ஃப்ளை'. தமிழின் ஒரே 'ஓட்டு' அங்கே மூன்றாகப் பிரிகிறது. 'ரன் எ கார்' என்றும் ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் அதற்குப் பொருளே வேறு. எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்கும் செலவு செய்து ஒரு காரை வைத்துக்கொள்வது. 'எங்களால் இரண்டு கார் வைத்துக் கட்டுப்படியாகாது' என்று சொல்லத்தான் அங்கே 'ரன்' வரும்.

இயந்திரங்கள் பெருகியபோதுதான் இந்தச் சொல்லும் இவ்வளவு பெருத்தது. மனிதரும் விலங்கும் நீரும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு வேலை குறைவு. நீராவி எஞ்சின், ரயில், தறி, அச்சு என்று நிற்காமல் இயங்கும் பொருள்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் 'ரன்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. பிறகு கணினி வந்தது. 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழியில், எழுதிய நிரலை இயக்க மாணவர்கள் தட்டச்ச வேண்டிய ஆணை 'ரன்' என்ற மூன்றெழுத்துத்தான். இன்று நிரல் எழுதுகிறவர்கள் தமிழில் பேசும்போதும் 'ரன் பண்ணிப் பாரு' என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தில் 'இயக்கு' நன்றாகவே பொருந்துகிறது.

சோதனை ஒன்றைச் செய்து பார்ப்பது 'ரன் எ டெஸ்ட்'. பத்திரிகை ஒரு செய்தியை வெளியிடுவது 'ரன் எ ஸ்டோரி'. இந்த இரண்டாவதைக் கவனியுங்கள்: 'த பேப்பர் ரேன் த ஸ்டோரி' என்பதைக் 'கதை ஓடியது' என்று மொழிபெயர்த்த பிரதிகளைத் திருத்தியிருக்கிறேன். 'ஸ்டோரி' இங்கே செய்தி, 'ரேன்' இங்கே வெளியிட்டது. நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது என்பதற்கு 'ரன்னிங் இன் லாஸ்' என்று எழுதுவது நம்மிடையே மிகப் பரவலான பிழை. 'ரன்னிங் அட் எ லாஸ்' என்பதே சரி. நம் 'நட்டத்தில்' என்ற வேற்றுமை உருபுதான் அங்கே 'இன்' ஆகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

தேர்தலில் இன்னும் சுவையான ஒரு விலகல் இருக்கிறது. தமிழில் வேட்பாளர் தேர்தலில் நிற்கிறார். அமெரிக்க ஆங்கிலத்தில் அவரே ஓடுகிறார், 'ரன் ஃபார் பிரெசிடென்ட்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஸ்டாண்ட் ஃபார் பார்லிமென்ட்', நம்மைப் போலவே நிற்பதுதான். அமெரிக்கர்கள் தேர்தலைப் பந்தயமாகப் பார்த்தார்கள், அந்தப் பார்வை முழுக் குதிரைப் பந்தய அகராதியையும் அரசியலுக்கு இழுத்துவந்தது. துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்கிறார்களே, அது முதலில் பந்தயக் குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்கக் கூடவே ஓடவிடும் குதிரையின் பெயர். தேர்தலில் பெயருக்குப் போட்டியிட்டுத் தோற்றவரை 'ஆல்சோ-ரேன்' என்பதும் பந்தயச் செய்தியிலிருந்து வந்ததே. முதல் மூன்று இடம் பிடித்த குதிரைகளின் பெயரைப் போட்டுவிட்டு, 'இவையும் ஓடின' என்று மற்றவற்றை அடியில் அச்சிடுவார்கள்.

காய்ச்சலுக்குத் தமிழில் 'அடி'. ஆங்கிலத்தில் 'ரன் எ ஃபீவர்', 'ரன் எ டெம்பரேச்சர்'. அபாயத்துக்கும் 'ரன் எ ரிஸ்க்' உண்டு. 'டேக் எ ரிஸ்க்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தெரிந்தே, ஒரு பலனை எதிர்பார்த்துத் துணிவது 'டேக்'. நீங்கள் செய்கிற காரியத்தால் ஒரு கெடுதல் வந்து சேரலாம் என்ற நிலையில் இருப்பது 'ரன்'. புகைபிடிக்கிறவர் நுரையீரல் நோய்க்கான அபாயத்தை 'ரன்' செய்கிறார். சேமிப்பை எல்லாம் போட்டுத் தொழில் தொடங்குகிறவர் அபாயத்தை 'டேக்' செய்கிறார்.

மூன்றாவது வாக்கியம்: தாள் தீர்ந்துவிட்டது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு 'ரன் அவுட்' நன்றாகத் தெரியும். கோட்டைத் தொடுவதற்குள் ஸ்டம்பைச் சாய்த்துவிடுவது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே படம் மறுபடியும் நீர்தான். தொட்டியில் இருந்தது முழுக்க ஓடி வெளியேறிவிட்டது, இனி இல்லை. தமிழர்கள் இதில் தடுமாறக் காரணம் எழுவாய். 'எங்களுக்குத் தாள் தீர்ந்துவிட்டது' என்று சொல்லும்போது தீர்வது தாள். நாம் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம். ஆங்கிலம் மனிதரை எழுவாயாக்கி, தீர்ந்த பொருளை 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் வைக்கிறது. பொருளையே எழுவாயாக வைக்கவும் வழி உண்டு: 'த பேப்பர் ஹேஸ் ரன் அவுட்'. அப்போது 'ஆஃப்' வராது. இரண்டையும் கலந்து 'த பேப்பர் ஹேஸ் ரன் அவுட் ஆஃப்' என்று எழுதினால் தாளிடம் ஏதோ தீர்ந்துவிட்டது என்று ஆகிவிடும்.

இதே வாக்கியத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 'ஹேவ்' வந்தால் 'ரன்', 'ரேன்' வராது. ரன், ரேன், ரன் என்பதே மூன்று வடிவங்கள். 'நேற்று தீர்ந்தது' என்று சொல்ல 'ரேன் அவுட்'; 'தீர்ந்துவிட்டிருக்கிறது' என்று சொல்ல 'ஹேவ் ரன் அவுட்'. 'ஹேவ் ரேன்' என்று நன்றாகப் படித்தவர்கள்கூட எழுதுகிறார்கள். கம், கேம், கம் என்ற வரிசையை நினைவில் வைத்தால் இதுவும் தானாக நிற்கும்.

தீர்வதையும் குறைவதையும் 'ரன்' வேறு வழியிலும் சொல்லும். கிணறு 'ரன் டிரை' ஆனால் வற்றிவிட்டது, கையிருப்பு 'ரன் லோ' ஆனால் குறைந்துவருகிறது, 'ரன் ஷார்ட்' என்றால் போதவில்லை. இங்கே 'ரன்' கிட்டத்தட்ட 'ஆகிவிடு' என்ற துணைவினை போல வேலை செய்கிறது. எல்லாப் பண்புச்சொல்லோடும் இப்படிச் சேராது. 'ரன் ஃபுல்' என்று யாரும் சொல்வதில்லை. வற்றுவது, குறைவது, கட்டுமீறுவது போன்ற சில நிலைகளுக்கே இந்த உரிமை.

சிறு சொற்கள் ஒட்டிக்கொள்ளும் கூட்டுவினைகள் ஏராளம். அடிக்கடி தேவைப்படுபவை கொஞ்சம்தான். 'ரன் இன்டு' என்றால் மோதுவது. எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பதும் அதுவே. 'பழைய நண்பரை ரன் இன்டு ஆனேன்' என்றால் யாருக்கும் அடிபடவில்லை. கூடவே, செலவு லட்சங்களைத் தொடுகிறது என்பதற்கும் அதையே போடுவார்கள். 'ரன் ஓவர்' இன்னும் கவனம் கேட்பது. வண்டி ஒருவர்மேல் ஏறிவிடுவது அதன் கொடிய பொருள். கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டுவது, பாத்திரம் நிரம்பி வழிவது, குறிப்புகளை ஒருமுறை விரைவாகப் பார்த்துக்கொள்வது, எல்லாம் சாதாரணப் பொருள்கள். சொல் வரிசை இங்கே உதவும். ஒருவர்மேல் வண்டி ஏறியதைச் சொல்லும்போது 'ரன் ஹிம் ஓவர்' என்று ஆளை நடுவில் வைக்கலாம். குறிப்புகளைப் பார்க்கும்போது 'ரன் ஓவர் த நோட்ஸ்' என்று சேர்த்தே சொல்ல வேண்டும். 'ரன் டவுன்' என்றால் பேட்டரி தீர்வது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது, பண்புச்சொல்லாக வந்தால் சிதிலமடைந்த கட்டடம் அல்லது ஓய்ந்துபோன உடம்பு. இரண்டையும் ஒட்டிப் பெயராக எழுதினால் 'ரன்டவுன்', சுருக்கமான விவரம். 'ரன் அப்' என்றால் கடனோ பில்லோ ஏறவிடுவது. அலுவலகத்தில் 'ரன் இட் பை மீ' என்று மேலாளர் சொன்னால், முடிவெடுக்கும் முன் என் காதிலும் போடு என்று பொருள். ஓடிக் காட்டச் சொல்லவில்லை.

பெயர்ச்சொல்லாக 'ரன்' வந்தால் நம் 'ஓட்டம்' பெரிதும் துணை நிற்கும். இரண்டு விக்கெட்டுகளுக்கும் இடையே 22 கஜம். மட்டையாளர்கள் இருவரும் ஒருமுறை இடம் மாறி ஓடினால் ஒரு 'ரன்'. அந்தக் கால் ஓட்டமே எண்ணிக்கையின் அலகாக உறைந்துவிட்டது. அதனால்தான் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்போது ஓரடிகூட எடுத்துவைக்காமல் நான்கு 'ரன்' கிடைக்கிறது. இலங்கைத் தமிழ் ஊடகங்கள் 'ஓட்டங்கள்' என்றே எழுதுகின்றன, தமிழ்நாட்டில் 'ரன்கள்' நிலைத்துவிட்டது. இரண்டும் நல்ல தமிழ்தான் என்பது என் கருத்து.

'டிரையல் ரன்' என்பதற்குத் தமிழில் வெள்ளோட்டம் என்ற அழகான சொல் முன்பே இருக்கிறது. தையலில் 'ரன்னிங் ஸ்டிச்' ஓட்டுத்தையல். 'பிரின்ட் ரன்' என்பது ஒரு தடவையில் அச்சிடும் படிகளின் எண்ணிக்கை; அச்சு இயந்திரம் நிற்காமல் ஓடிய ஓர் ஓட்டம். 'ரன் ஆஃப் த மில்' என்றால் சாதாரணமானது, தனிச்சிறப்பு இல்லாதது. ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வெளிவரும் சரக்கைக் குறித்த தொழில் வழக்கு அது. 'இன் த லாங் ரன்' என்பதை 'நீண்ட ஓட்டத்தில்' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் 'நாளடைவில்', 'காலப்போக்கில்' என்ற சொற்கள் இருக்கும்போது அது தேவையில்லை. காலப்போக்கு என்பதற்குள்ளேயே அந்தப் 'போக்கு' இருக்கிறது பாருங்கள்.

இப்போது நான்காவது வாக்கியம். 'எ ரன் ஆன் த பேங்க்' என்பதை 'வங்கி ஓட்டம்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் தமிழில் ஒன்றுமே புரியாது. வங்கி கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில், பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்டு நெருக்குவதுதான் அது. எந்த வங்கியும் வாங்கிய பணம் முழுவதையும் பெட்டியில் வைத்திருப்பதில்லை. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். தினமும் சிலர் எடுப்பார்கள், சிலர் போடுவார்கள், கணக்கு சரியாகிவிடும். எல்லாரும் ஒரே நாளில் எடுக்க வந்தால் நல்ல நிலையில் உள்ள வங்கியும் தாங்காது. பயமே பயந்ததை நடத்திக் காட்டிவிடும். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு வெளியே தெருநீளத்துக்கு வரிசைகள் நின்றன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நாடு அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. தட்டுப்பாடு வரும் என்ற செய்தி பரவி, ஒரு பொருளுக்காக மக்கள் கடைகளில் மொய்க்கும்போதும் இதே 'எ ரன் ஆன்' வரும்.

இந்தப் பொருளில் 'ரன்' என்றால் வங்கியை நோக்கிக் கால்களால் ஓடுவது என்றே நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன், வரிசையில் நின்ற அந்த மக்களின் படங்களும் அப்படித்தான் நினைக்கவைத்தன. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கியில் நடந்ததைப் படித்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. வாடிக்கையாளர்கள் அந்த ஒரே நாளில் எடுக்க முயன்ற தொகை 4,200 கோடி டாலர். அவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. கைபேசியிலும் கணினியிலும் சில பொத்தான்களை அழுத்தினார்கள். மறுநாள் வங்கியை அரசு அமைப்புகள் மூடிவிட்டன. அதற்கும் உலகம் முழுவதும் செய்தித்தாள்கள் தயங்காமல் வைத்த பெயர் 'பேங்க் ரன்'. அங்கே ஓடியது பணம். தொட்டியின் அடைப்பை எடுத்ததும் நீர் ஓடுமே, அப்படி.